உண்ணிக் காய்ச்சல் எந்த நாய்க்கு வரும்? ‘ஆபத்துக் காரணி’ பற்றி ஓர் எளிய விளக்கம்

“சாதி நாய்க்குத்தான் டிக் ஃபீவர் வரும்.” “வீட்டுக்குள்ளேயே வளர்கிற நாய்க்கு வராது.” “உடம்பில் ஒரு உண்ணிகூட இல்லை, அப்புறம் எப்படி உண்ணிக் காய்ச்சல்?” “ஒரு தடவை வந்துவிட்டால் மறுபடி வராது.” நாய் வளர்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் இவற்றில் ஒன்றாவது காதில் விழும். நான்குமே தவறு. தவறு என்பதைவிட மோசம், இவற்றை நம்பி நாள் கடத்திவிட்டு, நாய் எழுந்து நிற்க முடியாத நிலையில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் நிறையப் பேர்.

குழப்பத்தின் வேர் ஒன்றுதான். நோயை உண்டாக்குவது எது, நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவது எது என்ற இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறோம். இரண்டையும் பிரித்துவிட்டால் உங்கள் நாய்க்கு எவ்வளவு ஆபத்து, அதில் எதைக் குறைக்க முடியும் என்பது தெளிவாகும்.

டிக் ஃபீவர் ஒரே நோய் அல்ல

உண்ணி பரப்பும் பல நோய்களுக்கு நாம் மொத்தமாக வைத்த பெயர் அது. நம் ஊரில் அதிகம் கேள்விப்படுவது இரண்டு. ஒன்று எர்லிக்கியா. இது ஒரு பாக்டீரியா, ரத்த வெள்ளையணுக்களுக்குள் வாழ்வது. மற்றது பேபீசியா. இது பாக்டீரியா அல்ல. மலேரியாக் கிருமியைப் போல ஒரே செல்லால் ஆன ஒட்டுண்ணி. ரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து பெருகுகிறது. ஒட்டுண்ணி என்றால் இன்னொரு உயிரின் உடலில் தங்கி, அதன் செலவில் வாழ்வது. இந்தக் கட்டுரை பேபீசியாவைப் பற்றியது. ஒப்பிட வேண்டிய இடத்தில் மட்டும் எர்லிக்கியா வரும்.

பேபீசியாவில் பல வகை உண்டு. தமிழ்நாட்டு நாய்களுக்கு முக்கியமானவை வோகெலி, கிப்சோனி என்ற இரண்டு. கிப்சோனி உலகுக்கு அறிமுகமானதே நம் சென்னையில்தான். 1910இல் பேட்டன் என்ற ஆய்வாளர், மதராஸ் ஹண்ட் என்ற ஆங்கிலேயர் வேட்டைக் குழுவின் நாய்களுடைய ரத்தத்தில் இதைக் கண்டார். பிறகு நரிகளின் ரத்தத்திலும் அது இருந்தது. அந்த வேட்டை நாய்களின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள்: கூட்டமாக வளர்ப்பு, புதர்களுக்குள் ஓட்டம், நரிகளுடன் நெருக்கம். இந்தக் கட்டுரையில் பின்னால் வரப்போகும் ஆபத்துகளில் பாதி அந்த ஒரே கூட்டத்தில் இருந்திருக்கின்றன.

உடலுக்குள் நடப்பது இதுதான். உண்ணி நாயின் தோலில் வாயைப் பதித்து ரத்தம் குடிக்கும்போது அதன் எச்சில் நாயின் உடலுக்குள் போகிறது. பேபீசியா அந்த எச்சிலில் இருந்தால் அதுவும் கூடவே போகும். ஆனால் கடித்தவுடன் போவதில்லை. உண்ணி ரத்தம் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் அதன் எச்சில் சுரப்பிகளில் கிருமி முற்றித் தயாராகிறது. பொதுவாக அதற்கு இரண்டு, மூன்று நாள் ஆகும். இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் நமக்கு உதவப்போகிறது.

ரத்தத்துக்குள் வந்த கிருமி சிவப்பணுவுக்குள் நுழைகிறது, பிளந்து பெருகுகிறது, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வந்து அடுத்த அணுவைத் தேடுகிறது. போதாததற்கு, நாயின் எதிர்ப்புச் சக்தி கிருமியை ஒழிக்கும் வேகத்தில் நல்ல சிவப்பணுக்களையும் சேர்த்து அழிக்கிறது. ரத்தம் உறையத் துணைசெய்யும் தட்டணுக்களும் குறைகின்றன. விளைவு: காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, சோர்வு, சில நாய்களுக்குக் காபி நிறத்தில் சிறுநீர், மஞ்சள் காமாலை. வீட்டில் எளிதாகப் பார்க்கக்கூடிய அடையாளம் ஈறு. உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஆரோக்கியமான நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பிவிடும். ஈறு வெளிறிப்போய்க் கிடந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். சில நாய்களுக்கு இயல்பிலேயே ஈறு கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கண்ணின் கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பார்க்கலாம்.

ஆக, நோயை உண்டாக்குவது பேபீசியா. அதைச் சுமந்து வருவது உண்ணி. நாயின் இனம், வயது, வீடு, தெரு ஆகியவற்றுக்கு இதுவரை வேலை வரவில்லை. அவை இனிமேல்தான் வரும்.

காரணம் வேறு, ஆபத்துக் காரணி வேறு

மழை நாளில் இருசக்கர வண்டி ஓட்டுவதை எடுத்துக்கொள்வோம். சாலை ஈரம், டயர் தேய்ந்திருக்கிறது, ஓட்டுகிறவர் ஹெல்மெட் போடவில்லை. இவற்றில் எதுவும் தனியாக அவரைக் கீழே தள்ளாது. தேய்ந்த டயரோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டி ஒருமுறைகூட விழாதவர் இருக்கிறார். புது டயரோடு போய் விழுந்தவரும் இருக்கிறார். இருந்தாலும் தேய்ந்த டயர் விழும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. இப்படி ஒரு கெடுதல் நடக்கும் வாய்ப்பைக் கூட்டும் நிலைமைக்குத்தான் ஆபத்துக் காரணி என்று பெயர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தேய்ந்த டயரும் ஈரச் சாலையும் விழும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஹெல்மெட் இல்லாதது அப்படி இல்லை. அது விழுந்த பிறகு அடி எவ்வளவு பலமாக இருக்கும் என்பதை முடிவு செய்கிறது. நோயிலும் இதே இரண்டு வகை உண்டு. தொற்று வரும் வாய்ப்பைக் கூட்டுபவை ஒரு வகை, வந்த தொற்றைக் கடுமையாக்குபவை இன்னொரு வகை. நாய் வளர்ப்பவர்களின் பேச்சில் இந்த இரண்டும் கலந்துவிடுகின்றன. பெரும்பாலான தவறான முடிவுகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன.

“எங்கள் நாய்க்கு உண்ணி மருந்தே போட்டதில்லை, ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்கிறவரிடம் எப்படிப் பேசுவது? ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டலாம். மருந்து போடாத 100 நாய்களில் 20க்கு நோய் வருகிறது, மருந்து போட்ட 100 நாய்களில் 4க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்து போடாததால் ஆபத்து ஐந்து மடங்கு. ஆனாலும் மருந்து போடாத 80 நாய்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. அவருடைய நாய் அந்த 80இல் ஒன்று. அவர் சொல்வது பொய் இல்லை, ஆனால் அது எதையும் நிரூபிக்கவும் இல்லை. மருந்து போட்டும் நோய் வந்த அந்த 4 நாய்களின் கதையும் இப்படியே. அதை வைத்து “மருந்து வேஸ்ட்” என்று சொல்லிவிட முடியாது.

வீடுதான் உண்ணியின் ஊர்

தொற்று வரும் வாய்ப்பைக் கூட்டுவதில் முதல் இடம் உண்ணிக்கு. எனவே உண்ணி எங்கே வாழ்கிறது என்று தெரியாமல் ஆபத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. வோகெலி வகைப் பேபீசியாவையும் எர்லிக்கியாவையும் பரப்புவது பழுப்பு நாய் உண்ணி. புல்வெளியிலும் புதரிலும் மட்டுமே காத்திருக்கும் உண்ணி வகைகள் உண்டு. இது அப்படியல்ல. மனிதர் வீட்டுக்குள் முழு வாழ்க்கையையும் நடத்தக்கூடியது.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு ஆறு கால். கடுகைவிடச் சிறியது, கண்ணுக்கு எளிதில் படாது. அது நாயின் மேல் ஏறி ரத்தம் குடித்து, கீழே விழுந்து, தோலுரித்து எட்டுக் கால் உள்ள இளம் உண்ணியாகிறது. மறுபடி ஏறுகிறது, குடிக்கிறது, விழுகிறது, முழு உண்ணியாகிறது. மூன்றாவது முறையும் ஏறிக் குடித்த பெண் உண்ணி சாம்பல் நிறத்தில் ஊதிப்போய்க் கீழே விழுந்து, ஏதாவது இடுக்கில் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகிறது. நம் வெயிலில் இந்தச் சுற்று இரண்டு, மூன்று மாதத்தில் முடிந்துவிடும்.

இந்தச் சுற்றில் பெரும்பாலான நாட்களை உண்ணி நாயின் மேல் கழிப்பதில்லை. சுவர் விரிசலில், கதவுச் சட்டத்தின் பின்னால், ஸ்விட்ச் போர்டு ஓரத்தில், திரைச்சீலை மடிப்பில், நாய் படுக்கும் சாக்கின் அடியில் இருக்கிறது. மேல்நோக்கி ஏறும் இயல்பு இந்த உண்ணிக்கு உண்டு. சுவரில் உண்ணி ஊர்வதைப் பார்த்தால், நாயைக் குளிப்பாட்டுவது மட்டும் போதாது என்று அர்த்தம். ரத்தம் கிடைக்காமல் பல மாதம் உயிரோடு இருக்கக்கூடியது என்பதால், நாயைக் கொஞ்ச நாள் ஊருக்கு அனுப்பிவிட்டு வீட்டைப் பூட்டினாலும் அது ஒழியாது.

இப்போது “வீட்டுக்குள்ளேயே வளர்கிற நாய்க்கு வராது” என்ற வாதத்தை எடுத்துப் பாருங்கள். வயிறு நிறைந்த ஒரே ஒரு பெண் உண்ணி உள்ளே வந்தால் போதும். அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டு, லிஃப்ட், பொதுத் தாழ்வாரம், பக்கத்து வீட்டு நாய், நாய்களை விட்டுச்செல்லும் போர்டிங், முடி வெட்டும் இடம் என்று எங்கிருந்தும் வரலாம். வந்த பிறகு அந்தக் குடும்பம் முழுவதற்கும் முக்கிய உணவு உங்கள் நாய்தான்.

காலமும் ஒரு காரணி. கடுங்குளிர் உள்ள நாடுகளில் உண்ணித் தொல்லை சில மாதம் ஓயும். சென்னைக்கும் மதுரைக்கும் அந்த ஓய்வு கிடையாது. ஆண்டு முழுவதும் உண்ணி உண்டு. ஆகவே “கோடை முடிந்தது, இனி மருந்து வேண்டாம்” என்று நிறுத்துவதும் ஆபத்தைக் கூட்டுகிறது.

“உடம்பில் உண்ணியே இல்லையே” என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. கிருமி உள்ளே போய் நோய் வெளிப்பட ஒன்று முதல் நான்கு வாரம் வரை ஆகலாம். அதற்குள் கடித்த உண்ணி குடித்து முடித்து விழுந்து போயிருக்கும். இன்று உடம்பில் உண்ணி இல்லை என்பது போன மாதம் கடிக்கவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

உண்ணி இல்லாமலும் தொற்றும்

கிப்சோனி வகைக்கு உண்ணியைத் தவிரவும் பாதைகள் உண்டு. இது பலருக்குத் தெரியாது. நாய்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும்போது ரத்தம் வழியாகப் பரவும். தொற்றுள்ள தாயிடமிருந்து வயிற்றிலுள்ள குட்டிக்குப் போகும். பரிசோதிக்காத நாயிடமிருந்து எடுத்து ஏற்றிய ரத்தத்தின் மூலமும் வரும். எனவே தெருவில் அடிக்கடி சண்டை போடும் ஆண் நாய், தாயின் உடல்நிலை தெரியாமல் வாங்கிய குட்டி, ரத்தம் ஏற்றிக்கொண்ட நாய் ஆகியவற்றுக்கு, உண்ணியே பார்க்காத வீட்டிலும் ஆபத்து உண்டு.

இனத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

அமெரிக்காவில் கிப்சோனி தொற்று பிட் புல் வகை நாய்களிடம் அதிகம் காணப்பட்டது. ஜப்பானில் தோசா என்ற சண்டை நாய்களிடம். உடனே “அந்த இனத்துக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு” என்று சொல்லத் தோன்றும். ஆனால் இரண்டுமே நாய்ச் சண்டைக்காக வளர்க்கப்பட்டவை. சண்டையில் கடிபட்டு ரத்தம் வழியாகத் தொற்றியதே முக்கியக் காரணம் என்று ஆய்வுகள் காட்டின. அதேபோல அமெரிக்கப் பந்தய நாயான கிரேஹவுண்டுகளிடம் வோகெலி அதிகம். நூற்றுக்கணக்கான நாய்களை ஒரே இடத்தில் அடைத்து வளர்த்தால் உண்ணிக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

ஆக, இனம் என்று நாம் பார்ப்பது பல நேரம் இனம் அல்ல. அந்த இனத்தை நாம் வளர்க்கும் விதம். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் சேருகிறது. மருத்துவமனைப் பதிவேட்டில் லேப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் நிறைய இருந்தால், அவற்றுக்கு நோய் அதிகம் என்று உடனே முடிவுகட்ட முடியாது. காசு கொடுத்து வாங்கிய நாயைத்தான் நம் மக்கள் மருத்துவமனைக்கு அதிகம் கொண்டுபோகிறார்கள். காய்ச்சலில் சுருண்டு படுக்கும் தெருநாய் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இது எனக்கு மனது கனக்கும் விஷயம். “நாட்டு நாய்க்கு வராது” என்ற பேச்சுக்கு ஆதாரமாக இருப்பது பெரும்பாலும் அந்த நாய்களின் நோயை யாரும் கணக்கெடுக்காததுதான். ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் உண்ணி கடிக்கும், நோயும் வரும்.

இனம் எதற்குமே பொருட்டல்ல என்றும் சொல்ல முடியாது. எர்லிக்கியா ஜெர்மன் ஷெப்பர்டுகளை உண்மையிலேயே கடுமையாகத் தாக்குகிறது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையோடு இருந்த நூற்றுக்கணக்கான ராணுவ நாய்களை அது கொன்றது, அவற்றில் பெரும்பாலானவை இந்த இனம். ஆனால் கவனியுங்கள், இது ஹெல்மெட் வகை ஆபத்து. ஜெர்மன் ஷெப்பர்டைத் தேடிப்பிடித்து உண்ணி கடிப்பதில்லை. கடித்து, தொற்றிய பிறகு அந்த நாயின் உடல் அதைச் சமாளிப்பது கடினமாகிறது.

வந்த நோயைக் கடுமையாக்குபவை

வயது இதில் முக்கியம். வளர்ந்த நாய்க்கு லேசாக வந்துபோகும் வோகெலி, சில வார வயதுக் குட்டியைச் சாய்த்துவிடும். குட்டியின் உடலில் இருப்பதே கொஞ்சம் ரத்தம். அதில் உண்ணிகள் குடிப்பது போக, கிருமியும் சிவப்பணுக்களை உடைத்தால் என்ன மிஞ்சும்? அடுத்தது மண்ணீரல். தொற்றிய சிவப்பணுக்களை ரத்தத்திலிருந்து வடித்து எடுக்கும் உறுப்பு அது. விபத்திலோ கட்டியாலோ மண்ணீரலை அகற்றிய நாய்க்குப் பேபீசியா மிகக் கடுமையாக வரும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் எடுக்கும் நாய்க்கும், ஒரே சமயத்தில் எர்லிக்கியாவும் பேபீசியாவும் சேர்ந்து தொற்றிய நாய்க்கும் ஆபத்து அதிகம். ஒரே உண்ணிக் கூட்டம் இரண்டையும் சுமப்பதால் இந்தச் சேர்க்கை அபூர்வம் அல்ல.

கடைசியாக, பழைய தொற்று. ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்பது பேபீசியாவில் ஏறக்குறைய தலைகீழ். சிகிச்சைக்குப் பிறகு நாய் துள்ளி விளையாடினாலும், குறிப்பாகக் கிப்சோனி வகை, ரத்தத்தில் சிறு எண்ணிக்கையில் ஒளிந்து தங்கிவிடலாம். உடல் தளரும்போது மறுபடி தலைதூக்கும். அந்த நாய் பார்க்க நலமாக இருந்துகொண்டே, கடிக்கும் உண்ணிகளுக்குக் கிருமியைக் கொடுத்துக்கொண்டும் இருக்கும்.

சுருக்கிச் சொன்னால், உண்ணி, நெருக்கமான வளர்ப்பு, சண்டை, ரத்தம், தாய் ஆகியவை தொற்றைக் கொண்டுவருகின்றன. குட்டி வயது, மண்ணீரல் இல்லாமை, ஸ்டீராய்டு, கூட்டுத் தொற்று ஆகியவை அதைக் கடுமையாக்குகின்றன. பழைய தொற்று இரண்டு பக்கமும் நிற்கிறது.

இவற்றில் எதை நாம் மாற்ற முடியும்?

வயதையும் இனத்தையும் மாற்ற முடியாது. உண்ணியை மாற்றலாம். அந்த இரண்டு, மூன்று நாள் இடைவெளி இங்கேதான் உதவுகிறது. தினமும் மாலையில் நாயைத் தடவிப் பாருங்கள்: காது மடலுக்குள், கால் விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில், வாலின் அடியில், அக்குளில். உண்ணியைக் கண்டால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, ஊதுபத்தியால் சுடுவது எல்லாம் நாயைத்தான் புண்ணாக்கும். எடுத்ததைக் கையால் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போட்டுவிடுங்கள். எர்லிக்கியா விஷயத்தில் இந்தச் சலுகை இல்லை. கடித்த சில மணி நேரத்திலேயே அது பரவக்கூடியது. அதனால் கையால் பொறுக்குவதை மட்டும் நம்பக்கூடாது.

மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் மாத்திரைகள், முதுகில் விடும் சொட்டு மருந்து, மருந்து கலந்த கழுத்துப் பட்டை ஆகியவை கிடைக்கின்றன. எது உங்கள் நாய்க்கு என்பதை எடையும் வயதும் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். வலிப்பு வந்த நாய் என்றால் மாத்திரை வாங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். பூனையும் இருக்கும் வீட்டில் பெர்மெத்ரின் கலந்த மருந்து வேண்டாம், பூனைக்கு அது நஞ்சு. மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்தைக் குத்துமதிப்பாகக் கலந்து நாய் மேல் ஊற்றுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். உண்ணி சாவதற்கு முன் நாய் செத்துப்போன வீடுகள் உண்டு.

ஆண்டுதோறும் போடும் வழக்கமான தடுப்பூசிகளில் உண்ணிக் காய்ச்சலுக்கானது கிடையாது. “எல்லா ஊசியும் போட்டாச்சு” என்பது இந்த நோய்க்குக் காப்பு அல்ல.

வீட்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், சுவர் விரிசலை அடையுங்கள், வீட்டில் எத்தனை நாய் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுங்கள். உண்ணி கண்ணில் படாமல் போன பிறகும் நிறுத்தாமல் தொடருங்கள், இடுக்கில் முட்டைகள் காத்திருக்கும்.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

காய்ச்சல் என்றதும் பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிக்கொடுத்த டாக்சிசைக்ளினை வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. அது எர்லிக்கியாவுக்கான மருந்து. பேபீசியாவை அது மட்டும் ஒழிக்காது. பேபீசியாவிலேயே வோகெலிக்கு ஒரு மருந்து, கிப்சோனிக்கு வேறு மருந்து. அதனால் ரத்தப் பரிசோதனை அவசியம். காது நுனியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கிருமி குறைவாக இருந்தால் அதில் தெரியாமல் போகலாம். சந்தேகம் தீராவிட்டால், ரத்தத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை கேட்பார்கள்.

அதற்கு முன் மருத்துவர் கேட்கும் கேள்விகள் ஆபத்துக் காரணிகளைத் தேடித்தான். கடைசியாக உண்ணி மருந்து கொடுத்த தேதி, போன ஒரு மாதத்தில் உண்ணி பார்த்தீர்களா, போர்டிங்கில் விட்டீர்களா, வேறு நாயோடு சண்டை நடந்ததா, ரத்தம் ஏற்றினார்களா, மண்ணீரல் அறுவை நடந்ததா, என்ன மாத்திரை ஓடுகிறது, முன்பு இதே காய்ச்சல் வந்ததா, குட்டியாக இருந்தால் தாய் எங்கே வளர்ந்தது. இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். சிறுநீர் நிறம் மாறியிருந்தால் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.